சாதாரணமாய் வந்துவிட்ட ஒரு பேஸ் அல்பத்தை என்ன செய்வது?

தம்பி ஒருவர் மட்டக்களப்புக் கல்லடியில் தன் அறைக்குள்ளேயே இருந்து ஒரு முழு அல்பம் செய்து முடித்திருக்கிறார். எட்டுப் பாட்டு, 58 நிமிடம், புரோகிரசிவ் ரொக்: நீண்ட பாட்டுகளும் சிக்கலான தாளங்களும் கொண்ட ரொக் வகை, சுருக்கமாகப் புரோக். அவருடைய வாத்தியம் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார். ஆனால் இதில் மற்றக் கிற்றார்களும் அவர்தான், கீபோர்டும் அவர்தான், பாடியதும் அவர்தான், கணினியில் ட்ரம்ஸைக் கட்டம் கட்டமாக வைத்ததும் அவர்தான். கேட்டவர்கள் எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. இரண்டாம் தரம் தானாகப் போட்டுக் கேட்டவர் என்று பார்த்தால், அவருடைய அக்காவைத் தவிர ஒருவரும் இல்லை.

இப்போது அவர் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணன், இதை இப்பிடியே விடுறதா, இல்லாட்டிக் கொழும்பில ஆரிட்டயும் குடுத்துத் திருப்பி மிக்ஸ் பண்ணுறதா?" மிக்ஸ் என்பது தனித்தனியாகப் பதிவான தடங்களைச் சமன் செய்து ஒன்றாக்கும் வேலை. இரண்டே வழி இருப்பதாக அவர் நினைக்கிறார். எனக்கு இன்னும் சில தெரிகின்றன. பாதியாக வெட்டலாம். ஆள் சேர்த்துச் சில பாட்டுகளை மட்டும் திரும்பப் பதிவு செய்யலாம். எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். கல்யாண மண்டபங்களிலும் தேவாலய நிகழ்ச்சிகளிலும் சவுண்ட் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். வீட்டிலேயே பதிவு செய்யும் வசதி வந்த பிறகு இதே இடத்தில் வந்து நிற்கிறவர்கள் மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கூடிக்கொண்டே போகிறார்கள்.

வழியைத் தேர்வதற்கு முன் நோய் எது என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது பாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் தம்பிக்கு மிகவும் பிடித்தது. ஏழு எண்ணிக்கையில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன வாசிப்பு, கிட்டத்தட்ட ஆறு நிமிடம் போகிறது. மேற்கத்திய ரொக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு என்றால் ஒரு துள்ளல், ஒரு இடறல். நாலு நாலாக எண்ணிப் பழகியவருக்கு ஒரு கால் குறைந்த மாதிரி இருக்கும், அந்தக் குறைதான் சுவை. ஆனால் நம்முடைய ஆட்களுக்கு ஏழு என்பது மிஸ்ர சாபு. தகிட தகதிமி என்று சங்கீத வகுப்பில் பிள்ளைகள் கைதட்டிப் படிப்பது. ஐந்தும் அப்படித்தான், கண்ட சாபு. ஆகவே "இது ஏழில போகுது அண்ணன்" என்பதை மட்டும் வைத்து இந்த ஊரில் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்க முடியாது. ஏழுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தப் பாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பாஸ் டிரம் எங்கே விழுகிறதோ அங்கே பேஸும் விழுகிறது, அதே சுரத்தில், ஆறு நிமிடமும்.

அவருடைய கணினித் திரையில் அந்தத் தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பேஸ் சுரமும் கட்டத்தின் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வாசித்தபோது அப்படி இல்லை. வாசித்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக வெட்டி, இழுத்து, கோட்டோடு சேர்த்திருக்கிறார். மவுஸால் வைத்த ட்ரம்ஸும் கோட்டில், பேஸும் கோட்டில். ஒருவரை ஒருவர் இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இதே தம்பி சனிக்கிழமை இரவு கல்யாண வீட்டில் பைலாவுக்கு பேஸ் வாசித்தால், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து வாசிப்பார். அந்தச் சாய்வில்தான் கதிரையில் இருக்கிற மாமிமாரே எழும்பி ஆடுவார்கள். பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களில் கஃபிரிஞ்ஞா போகும் அந்த ஆறு எட்டுத் தாளத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை அது. அல்பத்தில் அந்தக் கையைக் காணவில்லை. ஒரே ஒரு இடத்தில், மூன்றாம் பாட்டின் நடுவில், பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்து ஒரு சுரத்தைக் கொஞ்சம் பிந்தி விடுகிறார். ஏழெட்டு விநாடிதான். அதைத் திருத்த மறந்துவிட்டாராம். மொத்த அல்பத்திலும் நான் திருப்பிப் போட்டுக் கேட்ட இடம் அது ஒன்றுதான்.

இன்னொரு விஷயம், கேட்கும் கருவி. பேஸின் தாழ்ந்த தந்தியின் திறந்த சுரம் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். கைபேசியின் ஒலிபெருக்கி அதன் கிட்டவும் போகாது. அடிச்சுரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் இழை ஒலிகளைக் கேட்டு நம் காதே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆனால் தம்பி மேல்பகுதியை முழுக்க மழித்துவிட்டார், "சூடான" சத்தம் வேண்டுமென்று. அதனால் கைபேசியில் போட்டால் பேஸ்காரனின் அல்பத்தில் பேஸே இல்லை. ஆட்டோவில் போகும்போது கேட்டால் ஒரு கீபோர்ட் அல்பம் மாதிரி இருக்கிறது.

சரி, பேஸ்காரர்கள் தனியாக அல்பம் செய்வது புதிதில்லை. இந்த வகை இசையில் அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதில் தேறியவையும் உண்டு, சுமாராய்ப் போனவையும் உண்டு. வழிகளை ஒப்பிட அவைதான் நல்ல அளவுகோல்.

யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் 1975இல் ஃபிஷ் அவுட் ஒஃப் வோட்டர் செய்தார். ஐந்தே பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடத்துக்குக் கிட்ட. அந்தக் காலத்தில் யெஸ் குழுவினர் ஐந்து பேரும் ஆளுக்கொன்றாகத் தனி அல்பம் போட்டார்கள். இன்றைக்கும் அதிகம் பேசப்படுவதில் இது ஒன்று. இதைத் தம்பி நூறு முறை கேட்டிருக்கிறார், தன் அல்பத்துக்கு இதுதான் முன்மாதிரி என்கிறார். ஆனால் அவர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. ஸ்குவயர் பாடினார், பேஸ் வாசித்தார், பன்னிரண்டு தந்திக் கிற்றாரும் தொட்டார். மற்றதையெல்லாம் ஆட்களிடம் கொடுத்தார். ட்ரம்ஸுக்கு பில் புரூஃபோர்ட். ஓர்கனுக்கு பட்ரிக் மொராஸ். சின்ன வயதிலிருந்தே தெரிந்த அன்ட்ரூ ஜக்மனிடம் பியானோவையும் ஓர்க்கெஸ்ட்ராவையும் ஒப்படைத்தார். முதல் பாட்டின் பைப் ஓர்கனுக்கு லண்டன் செயின்ட் போல்ஸ் தேவாலயம் வரை போனார்கள். லக்கி செவன் என்ற பாட்டு அதே ஏழுதான். ஆனால் அங்கே புரூஃபோர்டின் ட்ரம்ஸும் மெல் கொலின்ஸின் சக்ஸஃபோனும் பேஸோடு கதைத்துக்கொண்டே போகின்றன. தவிர, ஸ்குவயரின் ரிக்கன்பேக்கர் பேஸ், பிக்கால் அடித்து மேல்பகுதியை ஏற்றி விட்ட சத்தம். மலிவான கைபேசியிலும் அது வெட்டிக்கொண்டு வரும்.

ரஷ் குழுவின் கெடி லீ 2000 நவம்பரில் மை ஃபேவரிட் ஹெட்ஏக் வெளியிட்டார். ட்ரம்ஸுக்கு மட் கமரன், எழுதக் கூட்டாளியாக பென் மிங்க். தலைப்புப் பாட்டு பேஸ் ரிஃபோடு பாய்ந்து தொடங்கும். என் கருத்தைக் கேட்டால், இது நன்றாகச் செய்யப்பட்ட, சாதாரணமான அல்பம். குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிர் கொடுத்துக் காப்பாற்றவும் ஒன்றுமில்லை. வாசிப்பு அபாரம், குரல் அதே குரல், ஆனால் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்து போகின்றன. அதன் பிறகு அவர் தனி அல்பம் எதுவும் போடவில்லை, ரஷ் குழுவோடு 2002இல் வேப்பர் ட்ரெயில்ஸுக்குத் திரும்பினார். உலகத்தின் பெரிய பேஸ்காரர்களில் ஒருவருக்கே இப்படி வரலாம் என்றால், கல்லடியில் ஓர் அறைக்குள் இருந்து முதல் முயற்சி செய்த பெடியன் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை நான் அவருக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. நல்ல ஆட்கள் கூட இருந்தாலும் சாதாரணம் வரலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி வழிகள்.

இப்படியே வெளியிடுவதன் நல்ல பக்கம், வேலை முடிந்துவிடும். அதைக் குறைத்து எடை போடக்கூடாது. முடிக்காத அல்பத்தோடு பத்து வருடம் திரிகிறவர்களை நான் அறிவேன். செலவும் பெரிதாக இல்லை. ஆனால் வரவும் இல்லை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபோது பலரும் ஒரு கனவோடு பாட்டு ஏற்றினார்கள். 2024 தொடக்கம், பன்னிரண்டு மாதத்துக்குள் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணம் கிடையாது. பண்ட்கம்ப் போன்ற இடங்களில் நேரடியாக விற்கலாம் என்றால், பேபால் வழியாகப் பணம் பெறுவது இலங்கையில் இருப்பவர்களுக்கு நீண்ட காலமாகத் தலையிடியாக இருந்துவந்த விஷயம். ஆகவே காசுக்காக அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. இன்னொன்று, முதல் அல்பத்துக்குத்தான் ஊரில் எல்லோரும் காது கொடுப்பார்கள். மாமா, சித்தி, பள்ளிக்கூடத்து சேர், கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். இரண்டாவதுக்கு அப்படி வருவார்கள் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு தடவையை 58 நிமிடச் சுமாருக்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

கொழும்பில் கொடுத்து மிக்ஸ் செய்வது தம்பிக்குப் பிடித்த வழி. பாட்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள், எட்டுப் பாட்டுக்கு எட்டு மடங்கு. மிக்ஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு ரஷ் கதையே சாட்சி. 2002இல் வந்த வேப்பர் ட்ரெயில்ஸ் சத்தத்தைக் கூட்டி நசுக்கிய மாஸ்டரிங்குக்காக (மிக்ஸுக்குப் பிறகு செய்யும் கடைசி ஒலித் திருத்தம்) திட்டு வாங்கியது. 2013இல் டேவிட் பொட்ரில் திரும்ப மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள், மூச்சு வந்தது. ஏன் வந்தது? அடியில் ரஷ்ஷின் ட்ரம்ஸ்காரர் நீல் பியர்ட்டின் கை இருந்தது. ரொஜர் வோட்டர்ஸின் 1992 அல்பமான அமியூஸ்ட் டு டெத் 2015இல் திரும்ப மிக்ஸ் ஆனபோதும் அதே கதை, அடியில் ஜெஃப் பெக்கின் கிற்றார் இருந்தது. மூடி மறைந்து கிடப்பதைத் திறந்து காட்ட மிக்ஸுக்கு முடியும். தம்பியின் தடங்களில் மறைந்து கிடப்பது அந்த ஏழெட்டு விநாடி மட்டும்தான். பேஸின் மேல்பகுதியைத் திரும்பக் கொண்டுவருவது போன்ற திருத்தங்கள் கட்டாயம் தேவை, ஆனால் அதற்குக் கொழும்பு தேவையில்லை. ஒரு பின்னேரம் என்னோடு இருந்தால் போதும். சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லி மாஸ்டரிங்குக்குக் காசு கொடுப்பதும் வீண்: ஸ்பொட்டிஃபை எப்படியும் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பக்கமாக இறக்கிவிடும்.

வோட்டர்ஸைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. பிங்க் ஃப்ளொய்டின் பேஸ்காரர் என்று உலகம் அறிந்த அவர், அந்த அல்பத்தின் பல பாட்டுகளில் பேஸை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தன் பெயரில் வரும் அல்பம் என்றால் எல்லாமே தன் கையால் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நம்புகிறார்.

வெட்டிச் சுருக்குவதற்கு எதிராக அவர் சொல்லும் நியாயம் கொஞ்சம் பலமானது. "இருவது நிமிசப் பாட்டு ஒண்டும் இல்லாட்டி அது புரோக்கா அண்ணன்?" அல்பத்தின் கடைசிப் பாட்டு 22 நிமிடம் ஓடுகிறது, ஆறு பகுதி, பொருள் பாடுமீன், மட்டக்களப்பு வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் மீன். கல்லடிப் பழைய பாலத்தின் கீழ் நீருக்குள் மைக்கை இறக்கிப் பதிவு செய்த சத்தமும் அதில் உண்டு. மீன் பாடியதோ, வள்ளத்தின் இயந்திரம் பாடியதோ, எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், யாழ்நூல் 1947இல் அச்சேறும் முன்பே, இந்த வாவியின் இசையைப் பற்றி நினைத்திருக்கிறார். மட்டக்களப்பில் பாட்டெழுத உட்காரும் எவரும் மூன்றாவது நாள் பாடுமீனிடம்தான் போய் நிற்கிறோம். அதற்காக அதைத் தொடக்கூடாது என்றில்லை. 22 நிமிடம் அதைத் தாங்க வேண்டுமானால் உள்ளே கட்டுமானம் வேண்டும்.

நீளமான பாட்டுக்கு உதாரணம் கேட்டால் ஜெனசிஸ் குழுவின் மைக் ரதர்ஃபோர்ட் இருக்கிறார். 1980இல் வந்த ஸ்மோல்கிறீப்ஸ் டே அல்பத்தின் முதல் பக்கம் முழுக்க ஒரே தொடர், 24 நிமிடம். ஒரு நாவலிலிருந்து எடுத்த கதை என்பதால் ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது ஏன் வருகிறது என்று தெரியும். பாடியவர் நோயல் மக்கலா, ட்ரம்ஸ் சைமன் பிலிப்ஸ். தம்பியின் ஆறு பகுதியும் இடம் மாறினால்கூடக் கேட்பவருக்குத் தெரியாது. நானே இரண்டாம் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும் மாற்றி வைத்துப் போட்டுக் காட்டினேன். அக்கா கவனிக்கவில்லை. தம்பி கவனித்தார், ஆனால் எரிச்சலோடு.

நம்மூரில் இரவு முழுக்க விழித்திருந்து கூத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, நீளம் பயமில்லை. களரிக்குள், அதாவது கூத்து ஆடும் வட்டத்துக்குள், ஒரு ராசா வரவுக்கு ஆடும்போது மத்தளம் ஓரளவில் தொடங்கி, வேகம் ஏறி, தாளம் தீரும் இடத்தில் சல்லாரி என்ற கைத்தாளத்தோடு சேர்ந்து விழும். அடுத்த ஆள் வரும்போது வேறு நடை. விடிய விடிய இருக்க வைப்பது அந்த ஏற்ற இறக்கம். தம்பியின் தொடரில் தொடக்கம் முதல் கடைசி வரை வேகம் ஒன்றுதான், கணினியில் 118 என்று போட்ட எண்ணை அவர் தொடவே இல்லை. இதைச் சொன்னதும் அவருக்கு வந்த யோசனை, "அப்ப மத்தளம் சேப்பமா?" என்பது. வேண்டாம் என்றேன். ஒட்டாத பாட்டின் மேல் மத்தளத்தை ஒட்டினால் அது சுற்றுலாத்துறை விளம்பரத்துக்குப் போட்ட இசை மாதிரி ஆகிவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் வேகம் எப்படி ஏறுகிறது என்று கேட்டுப் படித்துவிட்டு வந்தால் அது வேறு.

பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய வயதில் அது தண்டனையாகத்தான் தெரியும். அல்பத்தில் அந்தத் தண்டனைக்கு உரிய குற்றம் எதுவும் இல்லை.

எஞ்சுவது ஆள் சேர்த்துச் சில பாட்டுகளைத் திரும்பச் செய்வது. எனக்கு இதுதான் வழி. காரணம் எளிது: மற்ற வழிகள் எல்லாம் அந்த அறைக்குள் இருந்த ஒரே மூளை எடுத்த முடிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றிலும் மாற்றம் செய்கின்றன. எட்டுப் பாட்டுக்கும் ட்ரம்ஸ், கிற்றார், பேஸ், குரல் எல்லாவற்றையும் ஒருவரே தீர்மானித்தபோது, "இது வேண்டாம், இப்பிடிச் செய்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது. பேஸ்காரன் மற்றவர்களுக்குப் பதில் சொல்லி வாசிக்கிறவன். எதிரில் ஆளில்லாமல் அவன் யாருக்குப் பதில் சொல்வான்?

டோனி லெவின் 2024இல் செய்ததைப் பாருங்கள். கிங் கிரிம்சனிலும் பீட்டர் கேப்ரியலோடும் வாசித்தவர். தந்தியைத் தட்டி வாசிக்கும் சப்மன் ஸ்டிக் அவர் கையில் முழுக் குழு மாதிரி ஒலிக்கும். தனியாகவே ஓர் அல்பம் செய்ய அவரைவிடத் தகுதியானவர் யார்? பிரிங்கிங் இட் டவுன் டு த பேஸ் என்ற அந்த அல்பத்துக்கு அவர் அழைத்தது ட்ரம்ஸ்காரர்களை. மனு கட்சே, வின்னி கொலயூட்டா, மைக் போர்ட்னொய், ஸ்டீவ் கட் என்று பாட்டுக்குப் பாட்டு வேறு ஆள். ஆள் மாறும்போது அவருடைய பேஸும் மாறுகிறது. அதைக் கேட்டால் நான் சொல்வது தானாக விளங்கும்.

நாம் வின்னி கொலயூட்டாவைத் தேட வேண்டியதில்லை. தம்பியோடு கல்யாண வீடுகளில் வாசிக்கும் ட்ரம்ஸ்காரர் இருக்கிறார். புரோக் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் தம்பி எந்த இடத்தில் சாய்வார் என்பது அவருக்கு உள்ளங்கை மாதிரித் தெரியும். ஏழை அவர் எப்படி எண்ணுவார் என்று தம்பிக்குக் கவலை. பைலாவை ஆறு எட்டில் அடித்துப் பழகிய கை, தகிட தகதிமி என்று வாயால் சொல்லிக் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடும். அவர் அதைக் கொஞ்சம் பிழையாகப் பிடித்தால் இன்னும் நல்லது.

இதில் கெடி லீயின் அல்பத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆள் சேர்த்தால் மட்டும் போதாது, பாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே வெட்டுவதும் சேர்ப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பது என் முடிவு. எட்டில் மூன்று. மூன்றாம் பாட்டு, அந்தச் சறுக்கலை நடுவில் வைத்து மூன்றரை நிமிடமாகச் சுருக்கி. ஐந்தாம் பாட்டு, ரிஃப் எதுவும் இல்லாமல் பேஸின் நாதத்தோடு தொடங்குவது. பாடுமீன் தொடரின் நாலாம் பகுதி மட்டும், அதைத் தனிப் பாட்டாக. மற்ற ஐந்தையும் அழிக்க வேண்டாம், வன்தட்டில் கிடக்கட்டும். மூன்று பாட்டுக்கு மிக்ஸ் செலவும் மூன்று பங்குதான், அப்போது வேண்டுமானால் கொழும்புக்கு அனுப்பலாம். மூன்றையும் ஒருவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடலாம். சித்தியும் கேட்பார்.

பாடுவது யார் என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. தம்பியின் குரல் பிழையில்லை, தாழ்ந்த சுரங்களில் இனிமையாகக் கூட இருக்கிறது, ஆனால் மேலே போனால் மெலிந்துவிடும். ஐந்தாம் பாட்டின் சிறந்த டேக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் பாண் விற்கும் சூன் பாண் வண்டியும் சேர்ந்து பாடியிருக்கிறது. பீத்தோவனின் ஃபியூர் எலிஸ் மெல்லியதாகப் பின்னால் போகிறது, சுருதிகூடக் கிட்டத்தட்டச் சேர்கிறது. இங்கே மறுபடி ரதர்ஃபோர்ட்தான் என் சாட்சி. முதல் அல்பத்தில் மக்கலாவைப் பாட வைத்தவர், 1982இல் அக்டிங் வெரி ஸ்ட்ரேஞ்சில் தானே பாடினார், எடுபடவில்லை. 1985இல் மைக் அண்ட் த மெக்கனிக்ஸ் என்று குழு அமைத்துப் பாட்டை போல் கரக்குக்கும் போல் யங்குக்கும் கொடுத்தார். 1989இல் த லிவிங் இயர்ஸ் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. நான் சொன்னேன், ஐந்தாம் பாட்டைத் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கும் தங்கச்சி ஒருவரிடம் கொடுப்போம் என்று. தம்பி ஒன்றை விட்டுக்கொடுத்து, இரண்டைத் தானே வைத்துக்கொள்கிறார். எனக்கு அது சம்மதம்.

பதிவு செய்வது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ட்ரம்ஸ் பதிவு செய்ய ஸ்டூடியோ இல்லையே" என்றுதான் பலர் கணினி ட்ரம்ஸில் போய் விழுகிறார்கள். தம்பியிடம் இருப்பது இரண்டு மைக் குத்திக் கணினியோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ். அது ட்ரம்ஸுக்குப் போதாது. ஆனால் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் இப்போது டிஜிட்டல் மிக்சர்கள் வந்துவிட்டன. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற ஒன்றில் யூஎஸ்பி கேபிளைக் கணினிக்குக் குத்தினால் 18 தடம் தனித்தனியாகப் பதிவாகும். பலர் அந்தத் துளையை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. மைக் நாலு போதும்: பாஸ் டிரம்முக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே இருக்கும் இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு நூலைப் பிடித்து அளந்தால் சரி. தகரக் கூரை மண்டபம் என்றால் மழை இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். மார்கழியில் மட்டக்களப்பில் அதற்கு நேர்த்திக்கடன்தான் வைக்க வேண்டும். வைகாசி, ஆனியில் மழைப் பயம் இல்லை, மின்விசிறியை நிறுத்த முடியாது என்பதுதான் சிக்கல். அந்த மாதங்களில் விடியப்புறம் செய்தால் இரண்டும் தீரும்.

தம்பியும் ட்ரம்ஸ்காரரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பேஸ் நேரடியாக மிக்சருக்குப் போகட்டும், ஹெட்ஃபோனில் கேட்கலாம். மெட்ரோனோம் தொடக்கத்தில் எண்ணிக்கை கொடுக்க மட்டும், பிறகு நிறுத்திவிட வேண்டும். வேகம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். முடிந்த பிறகு பேஸ் தடத்தில் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிழை விட்டால் முழுப் பாட்டையும் திரும்ப வாசிக்கலாம், மூன்று பாட்டுத்தானே.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பாட்டு எழுதியவரின் உரிமை வேறு, பதிவில் வாசித்தவரின் பங்கு வேறு. ட்ரம்ஸ்காரருக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுத்து முடிப்பதா, வருவதில் பங்கா, பெயர் எங்கே எப்படி வரும், பாடும் தங்கச்சிக்கு என்ன, மூன்றரை நிமிடமாகச் சுருக்கும்போது ட்ரம்ஸ்காரர் புதிதாக ஒரு பகுதியைக் கொண்டுவந்தால் அவரும் எழுதியவர் ஆவாரா என்பதையெல்லாம் மண்டபத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "அவன் எங்கட ஆள்தானே அண்ணன், என்னத்துக்கு?" என்கிறார் தம்பி. எங்கட ஆள் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன். தாள் இன்னும் எழுதப்படவில்லை, அதனால் மண்டபத்துக்கு நாளும் குறிக்கவில்லை.